மேல்மாடி இடப்பக்கம்

அந்தத் தடி உம்மட காலிலை இடிக்குதோ தம்பி? சொல்லும், சொன்னாத்தானே தெரியும். பொறும், இப்பிடிச் சரிச்சு வைக்கிறன். ஆ, இப்ப சரி. பயப்பிடாதையும், துவக்கு, துப்பாக்கி ஒண்டுமில்லை. தும்புத்தடி. வீடு கூட்டுற தடி. உங்கட ஊரிலை விளக்குமாறு எண்டுவியள். நீர் இந்தியாத் தமிழ்தானே? நீர் ரெலிபோனிலை அம்மாவோட கதைக்கேக்கையே பிடிச்சிட்டன். சுத்தியிருக்கிறது என்ர மனுசியின்ர பழைய சீலை. அவளுக்குத் தெரியாது.

இன்வெர்னஸ் வரைக்கும் போறீரோ? நானும் அங்கைதான். நல்லதாப் போச்சு. கிளாஸ்கோவிலையிருந்து பஸ் மூண்டு மணித்தியாலத்துக்கு மேலை ஓடவேணும். நான் கனக்கக் கதைக்கிற ஆளில்லை, யன்னலாலை பார்த்துக்கொண்டு பேசாமல் வாறதுதான் என்ர பழக்கம். நீர் கேட்டபடியாச் சொல்லுறன். கேக்கேல்லையோ? தடியைப் பார்த்தனீர் எல்லே, பார்த்தாக் கேட்டமாதிரித்தான்.

நான் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போறன். பார்க்க இல்லை. மேடையிலை இருக்க. அந்தத் தடியோட. வெற் மிற்றன்ஸ் எண்டு ஒரு கோஷ்டி, கேள்விப்பட்டனீரோ? ஈரக் கையுறை எண்டு அர்த்தம். ஆரேன் கோஷ்டிக்கு அப்பிடிப் பேர் வைப்பினமே? எங்கட பக்கத்திலை ஒரு கோஷ்டி தொடங்கினா, பேரிலை ஒரு கானமோ ஒரு நாதமோ இல்லாமல் விடமாட்டினம். இவை ஈரக் கையுறையாம். இஞ்சை ஸ்கொட்லாந்திலை அப்பிடித்தான். பெரிய கொம்பனி ஒண்டும் பின்னாலை இல்லாமல், தாங்களே பாட்டெழுதி, தாங்களே இசைத்தட்டுப் போட்டு, தாங்களே வான் வண்டியிலை சாமான் ஏத்திக்கொண்டு ஊரூராத் திரியிற கோஷ்டியள் தெருவுக்குத் தெரு இருக்கு. மழை விடாத ஊர், பிள்ளையள் வீட்டுக்குள்ளை இருந்து என்ன செய்யிறது? கிற்றாரைத் தூக்குதுகள்.

அந்தக் கோஷ்டியைத் தொடக்கிவிட்டது நான்தான். சிரியாதையும். அவையைக் கேட்டாலும் என்னாலைதான் தொடங்கினது எண்டுதான் சொல்லுவினம். ஆனா அவை சொல்லுற கதை வேறை, நான் சொல்லுற கதை வேறை. அதுதானே எனக்குள்ள கடுப்பு.

போன மாரி இல்லை, அதுக்கு முதல் மாரி, நல்ல குளிர் காலம். என்ர முழங்காலிலை ஒப்பரேசன். மனுசி தவமலர் கனடாவிலை, மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க. "உங்களை இந்தக் காலோட விட்டிட்டு எப்பிடிப் போறது" எண்டு நிண்டாள். "முழங்கால்தானே, தலையே போச்சு? போ" எண்டு நான்தான் பிடிச்சு அனுப்பினனான். அனுப்பினாப் பிறகுதான் வீடு எண்டது என்னெண்டு தெரிஞ்சுது. கடையையும் அந்த வருசம்தான் வித்தனான். கடையெண்டா நாள் முழுக்க ஆரேன் வந்து ஏதேன் கேட்டுக்கொண்டே இருப்பினம். பால் எங்கை, பாண் எங்கை, மழை விடுமோ. இப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறதில்லை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிப்போம். நான் ரி.வி.யோட கதைக்கத் தொடங்கிட்டன். செய்தி வாசிக்கிற பெட்டை "குட் ஈவினிங்" எண்டா, நானும் "குட் ஈவினிங் பிள்ளை" எண்டுவன்.

அப்பிடி இருக்கேக்கைதான் ஒருநாள் கீழ்வீட்டிலையிருந்து டும் எண்டு ஒரு சத்தம்.

டும் டும் டும் எண்டு நிலமெல்லாம் அதிருது. பேந்து கரண்ட் கிற்றார். பேந்து ஒரு பெடியன் ஆடறுக்கிறமாதிரிக் கத்துறான். வேறை ஆரும் எண்டா பொலிசைக் கூப்பிட்டிருப்பினம். எனக்கெண்டா உயிர் வந்தமாதிரி இருந்தது. நான் யாழ்ப்பாணத்திலை இணுவில் தம்பி. தவிலுக்குப் பேர்போன ஊர். நான் தவில் அடிச்சதில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனா மேளக்கச்சேரி எண்டா முன்வரிசை. நான் தொடையிலை தாளம் போட்டா மூண்டு வரிசைக்குக் கேக்கும். ஒருக்கா ஒரு பெரிய வித்துவான் அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவ்வளவு பிடிச்சுப்போச்சு அவருக்கு.

கீழை ட்ரம்ஸ் அடிச்சது ஷோனா எண்டு ஒரு பெட்டை. அப்ப எனக்குப் பேர் தெரியாது. நல்ல பலமான கை. ஆனா ஓடுறாள். நாலு சுற்று ஒழுங்கா வருவாள், அஞ்சாவதிலை நாய் கலைச்சமாதிரி ஒரு ஓட்டம். மற்றவங்கள் அவளுக்குப் பின்னாலை விழுந்தடிச்சுக்கொண்டு. எனக்குப் பொறுக்கேல்லை. கீழை போய்ச் சொல்லுவமெண்டா, லிஃப்ட் இல்லாத பழைய கல்லுவீடு. நான் இருக்கிறது மேல்மாடி, இடப்பக்கம். அந்தக் காலோட இறங்கினா ஆர் என்னைத் திரும்ப ஏத்துறது? மூலையிலை இந்தத் தும்புத்தடி நிண்டது. எடுத்துத் தலைகீழாப் பிடிச்சு, கட்டையாலை நிலத்திலை ஒண்டு போட்டன். டொக். தாளத்தின்ர முதலடி எங்கை விழவேணும் எண்டு காட்டுறதுக்கு.

கீழை எல்லாம் அப்பிடியே நிண்டுபோச்சு.

பார்த்தீரே? உடன பிடிச்சுக்கொண்டிட்டுதுகள். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையள் எண்டு எனக்கு ஒரே புழுகம், சந்தோசம். கொஞ்சம் பொறுத்து ஆறுதலாத் திரும்பத் தொடங்கினவை. ஓடினாள். போட்டன் ஒண்டு. நிண்டாள். அண்டையிலையிருந்து பின்னேரம் எண்டா நான் தேத்தண்ணியை ஊத்தி, கதிரையை இழுத்து நடு ஹோலிலை போட்டுத் தடியோட ஆயத்தம். ரி.வி.யை நிப்பாட்டிப்போட்டன். அந்தச் செய்திப் பெட்டை என்ன ஆனாளோ தெரியாது.

உம்மட பேர் என்ன எண்டு கேக்க மறந்துபோனன். பொறும், பேந்து சொல்லும்.

கிழமைக்குக் கிழமை அவையின்ர வாசிப்பு மாறிச்சுது. முதல் அந்தக் கரண்ட் கிற்றாரின்ர இரைச்சல் போச்சு. வெறும் மரக் கிற்றார். பேந்து ட்ரம்ஸுக்கு மேலை துணியேதோ போட்டினம் போலை, டும் எண்டது பும் எண்டு வந்துது. கத்தின பெடியன், அவன் பேர் ரோறி, அவன் இப்ப காதுக்குள்ளை ரகசியம் சொல்லுறமாதிரிப் பாடுறான். கத்துறது ஆராலும் ஏலும் தம்பி. அடக்கி வாசிக்கிறதுதான் வித்தை. ஒரு மாரிக்குள்ளை, அதுவும் ஒரு தும்புத்தடியாலை, இவ்வளவு தூரம் கொண்டுவந்திட்டனே எண்டு என்ர தோளை நானே தட்டினன். ஒரேயொரு கரைச்சல்தான். எனக்குக் கேக்கேல்லை. நான் கம்பளத்திலை காதை வைச்சுப் படுத்தெல்லாம் கேட்டனான், ஒப்பரேசன் காலை ஒரு பக்கமா நீட்டிக்கொண்டு. படுத்தபடி தடியடிக்கிறது லேசில்லை, நீர் ஒருக்காச் செய்து பாரும். ஆனா பிள்ளையள் சோர்ந்துபோகக்கூடாது எல்லே? உற்சாகப்படுத்தவேணும் எண்டு இன்னும் உரக்க அடிச்சன்.

மனுசி ரெலிபோன் எடுக்கேக்கை பெருமையாச் சொன்னன்.

"இஞ்சருங்கோ, அதுகள் நீங்கள் ஏசுறியள் எண்டெல்லே நினைக்குங்கள்?"

"உனக்குச் சங்கீதம் தெரியுமே?" எண்டன்.

"சங்கீதம் தெரியாது. மேல்வீட்டுக்காரன் தடியாலை இடிச்சா என்ன அர்த்தமெண்டு தெரியும்."

அவளின்ர ஆக்களிலை ஒருத்தருக்கும் ஞானமில்லை. நான் கதையை மாத்தி, பேரப்பிள்ளை ஆரைப்போலை எண்டு கேட்டன்.

மனுசிக்கு என்ன தெரியும்? அந்தக் கிழமையே பிள்ளையள் நாலுபேரும் மேலை வந்திட்டினம். ஷோனா, ரோறி, மற்ற ரெண்டு பெடியள். கதவைத் திறந்தா, வரிசையா நிக்கினம், ஒரு பெட்டி நிறைய ரப்லெற்றோட. ரப்லெற் எண்டது இஞ்சத்தை இனிப்பு, எங்கட பால்ரொபி மாதிரி. ஷோனாவே கிண்டினதாம். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. குருதட்சணை எண்டா இதுதானே? "சொறி, வெரி சொறி" எண்டாள். இந்த நாட்டிலை சொறி எண்டது வணக்கம் மாதிரி தம்பி. நீர் ஒருத்தன்ர காலை மிதிச்சாலும் அவன்தான் சொறி சொல்லுவான்.

நான் உள்ளுக்கை கூப்பிட்டு இருத்தினன். குரு எண்டா நாலு வார்த்தை சொல்லவேணும் எல்லே? "நான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" எண்டன். "ஒவ்வொரு அடியும் எனக்குக் கேக்கும். செவ்வாய்க்கிழமை நீங்கள் செய்ததும் எனக்குத் தெரியும்." ரோறி எச்சிலை விழுங்கினான். பிள்ளை பயப்பிடுறான் எண்டு தைரியமும் குடுத்தன். "கவலைப்படாதேங்கோ, நான் எங்கையும் போகமாட்டன். ஒவ்வொரு நாளும் இஞ்சைதான், உங்களுக்கு மேலைதான் இருப்பன்." அண்டைக்கு நல்ல உறைப்பா இறைச்சி ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருந்தனான். ஆளுக்கு ஒண்டு குடுத்து, "முழுக்கச் சாப்பிடுங்கோ, நான் பார்த்துக்கொண்டிருக்கிறன்" எண்டன். கண்ணாலை தண்ணி ஓட ஓட முழுக்கச் சாப்பிட்டினம். ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவ்வளவு மரியாதை.

அதுக்குப் பிறகு அவை வாசிச்சதை வாசிப்பெண்டே சொல்லேலாது. மூச்சு. மூச்சு விடுறமாதிரி ஒரு பாட்டு. நான் காதை நிலத்தோட ஒட்டவைச்சு, அந்தப் பாட்டுக்குள்ளை கிடந்தனான். என்ன சொல்லுறது, நல்லாயிருந்தது தம்பி. உண்மையிலை நல்லாயிருந்தது. அந்த மாரி போனதே தெரியேல்லை.

மாசி மாசம் ஒருநாள் சத்தமில்லை. அடுத்தநாளும் இல்லை. யன்னலாலை எட்டிப் பார்த்தா, கீழை வான் வண்டியிலை சாமான் ஏத்துகினம். ட்ரம்ஸ், கிற்றார், மெத்தை, எல்லாம். நான் யன்னல் கண்ணாடியிலை தடியாலை தட்டினன். ஷோனா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திட்டு, மற்றவங்களை "கெதியா, கெதியா" எண்டு அவசரப்படுத்தினாள். ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டுதுகள். இவ்வளவு செய்தனான், போட்டுவாறம் எண்டு ஒரு வார்த்தை? அண்டு பின்னேரமும் பழக்கதோசத்திலை தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து இருந்தன். கீழை ஒண்டுமில்லை. ரி.வி.யைப் போட மனம் வரேல்லை.

இது பேர்த் போலை கிடக்கு, பஸ் நிக்குது. இறங்கி ஒரு கோப்பி குடிப்பீரோ? வேண்டாமோ? நல்லது, இறங்கினா கதை குழம்பிப்போம். அந்தக் காதுக்கை வைக்கிற சாமானை மடியிலை வையும், பிறகு பாட்டுக் கேக்கலாம், அவை பாடினதையே கேக்கலாம்.

பிறகு ஒரு வருசம் ஒரு தகவலுமில்லை. மனுசி வந்தாள், கால் சுகமாச்சு. ஒருநாள் கோயிலிலை எங்கட சினேகிதன் பரஞ்சோதியின்ர மகள் ஓடிவந்து, "அங்கிள், உங்கட வீட்டு வாசல் இதிலை இருக்கு" எண்டு போனைக் காட்டினாள். பார்த்தா, வெற் மிற்றன்ஸின்ர முதல் இசைத்தட்டு. அட்டையிலை எங்கட கட்டடத்தின்ர வாசல். தட்டின்ர பேர் 'மேல்மாடி இடப்பக்கம்'. என்ர வீடு தம்பி! என்ர விலாசத்தைப் பேரா வைச்சிருக்கினம்! நான் கோயிலெண்டும் பார்க்காமல் "எட பிள்ளையளே" எண்டு கத்திப்போட்டன். ஐயர் மந்திரத்தை விட்டிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ரோறி பேட்டி குடுத்திருக்கிறான் அங்கிள், வாசிக்கட்டோ?" எண்டாள். வாசி வாசி எண்டன்.

கிளாஸ்கோவிலை எல்லாரையும் போலை நாங்களும் சத்தமான கோஷ்டியாத்தான் தொடங்கினனாங்கள் எண்டிருக்கிறான். எங்களுக்கு மேலை ஒரு மனுசன் இருந்தார், இசையெண்டா அவருக்குக் கண்ணிலை காட்டக்கூடாது, ஒவ்வொரு நாளும் நிலத்திலை இடிச்சு இடிச்சு எங்களை அடக்கினார். வீடு மாற அப்ப வழியில்லை. அவருக்குக் கேக்காமல் வாசிக்கப் பழகினம். அதுதான் இண்டைக்கு எங்கட இசை. அவருக்கு நன்றி எண்டு முடிச்சிருக்கிறான், பகிடியா.

எனக்கு! இசையெண்டா! கண்ணிலை காட்டக்கூடாதாம்! இணுவிலானுக்கு!

அது மட்டுமில்லை. பெனியனிலை ஒரு தடியின்ர படம் போட்டு விக்கினமாம், சனம் வாங்கிப் போடுதாம். தடியும் பிழை, அது இந்தத் தடி மாதிரியே இல்லை. நான் வீட்டை போய் மனுசிக்குச் சொன்னன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இருந்து சிரிச்சாள். "நான் சொன்னனான் எல்லே" எண்டு சொல்லக்கூட ஏலாமல் கையாலை காட்டினாள்.

நான் ரெண்டு நாள் அவளோட கதைக்கேல்லை. எனக்குப் பேரும் வேண்டாம் புகழும் வேண்டாம் தம்பி. நான் அந்தப் பிள்ளையளுக்கு எதிரியில்லை, அவையோட சேர்ந்து தாளம் போட்ட ஆள். அது அவைக்குத் தெரியவேணும், அவ்வளவுதான். ஒரு மாரி முழுக்க எனக்குத் துணையா இருந்த பிள்ளையள், என்னை ஒரு பிசாசு எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறதெண்டா எப்பிடி இருக்கும்? நித்திரை வரேல்லை.

அவை கிளாஸ்கோவிலை ஒரு மண்டபத்திலை வாசிக்க வந்தபோது போனன். முடிஞ்சாப்போலை போய் ஆறுதலா விளங்கப்படுத்துவம் எண்டுதான் போனனான். சனமெண்டா சனம். எல்லாம் சின்னஞ்சிறுசுகள், மூச்சு விடாமல் நிண்டு கேக்குதுகள். நடுவிலை ரோறி இந்தக் கதையைத் தொடங்கினான். "எங்களுக்கு மேலை ஒரு மனுசன்" எண்டதும் முழு மண்டபமும் "பூ" எண்டு ஊளையிடுது, காலாலை நிலத்திலை இடிக்குது. தாளமில்லாமல் வேறை இடிக்குதுகள். எனக்கு வந்துதே ஒரு கோவம்! எழும்பி நிண்டு, "அது நான்தான்!" எண்டு கத்திப்போட்டன்.

மண்டபம் அப்பிடியே நிண்டுபோச்சு. எல்லாத் தலையும் திரும்பிச்சுது. ஆரோ கையைப் பிடிச்சு, ஆரோ முதுகிலை தள்ளி, என்னை மேடையிலை ஏத்திப்போட்டாங்கள். ரோறி வெளிறிப்போய் ஒலிவாங்கியை நீட்டினான். ஷோனா ட்ரம்ஸுக்குப் பின்னாலை குனிஞ்சு, கண் மட்டும் தெரியுது.

இப்ப சொல்லலாம். ஒலிவாங்கி கையிலை. நான் ஏசேல்லைப் பிள்ளையள், தாளம் போட்டனான், எனக்கு உங்களைப் பிடிக்கும். மூண்டு வசனம். ஆனா பாரும், அவை அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கினம். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் அதைப் பொய்யாக்கினா, அந்தப் பிள்ளையள் மூஞ்சியை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? நான் தொண்டையைச் செருமினன். மனுசி ஏசேக்கை வைக்கிறமாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு சொன்னன்:

"இப்பவும் சத்தம் கூடிப்போச்சு."

கூரை பறந்துபோச்சு தம்பி. சனம் கத்தி, கைதட்டி, என்ர பேரைக் கேட்டு, சிற்சபேசன் எண்டு முழுக்கச் சொல்ல நாக்கு வராமல் "சிற்! சிற்!" எண்டு ஆர்ப்பரிச்சுது. ஷோனா எழும்பி நிண்டு சிரிச்சாள். நானும் சிரிச்சிருப்பன், ஆனா எனக்கு அப்ப கோவக்காரன்ர வேசம்.

அதோட பிடிச்சுக்கொண்டிட்டினம். இந்த முறை போற ஊரெல்லாம் நானும் வரவேணுமாம். அவையின்ர வான் வண்டியிலை என்ர கால் மடங்காது, எனக்கு வயசுபோன ஆக்களின்ர பஸ் பாஸ் இருக்கு, சும்மாவே ஏறி இறங்கலாம். மேடைக்குப் பின்பக்கம் ஒரு உயரமான பரண் கட்டி, அதிலை ஒரு கதிரை. அதுதான் மேல்மாடியாம். ரோறி கதையைச் சொல்ல, நான் மேலையிருந்து இடிக்கவேணும். சனம் சிரிக்கும். ஏதோ, அந்தப் பிள்ளையளோட இருக்கக் கிடைச்சுதே எண்டு நான் சம்மதிச்சிட்டன். எதிரியாயிருந்தாலும் பக்கத்திலை இருக்கலாம் எல்லே.

ஆனா முதல் நாள் பழகேக்கையே பிழைச்சுப்போச்சு. நான் இடிச்சன். ரோறி தலையைச் சொறிஞ்சான். "மிஸ்ரர் சிற், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் தாளத்தோட இடிக்கிறியள். கோவக்காரர் தாளத்தோட இடிக்கமாட்டினம்" எண்டான். கேட்டீரே! தாளமில்லாமல் இடிக்கிறதுக்கு எனக்குப் பயிற்சி! அது லேசெண்டு நினைக்கிறீரோ? ஏலாது தம்பி. நானும் ஆதிதாளத்தைப் பிடிச்சு, முதலடியை விட்டிட்டு ஏழாவதிலை ஒண்டு போட்டுப் பார்த்தன், அது இன்னும் வடிவா விழுந்துது. கடைசியா, கண்ணை மூடிக்கொண்டு மனுசியோட சண்டை பிடிக்கிறதை நினைச்சன். அதுதான் சரிவந்துது. நாலைஞ்சு ஊர் அப்பிடியே ஓடிச்சுது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரேர்லிங்கிலை ஒரு பழைய தேவாலய மண்டபம், பகல் நிகழ்ச்சி. ரோறி கதை சொன்னான், நான் கோவமா இடிச்சன், சனம் சிரிச்சுது, எல்லாம் ஒழுங்கு. பிறகு அந்தப் பாட்டைத் தொடங்கினாங்கள். நான் சொன்னன் எல்லே, அந்த மூச்சுமாதிரிப் பாட்டு. நான் கம்பளத்திலை கிடந்து கேட்டது. அதை அவங்கள் இந்த முறை நேற்றுத்தான் முதல் வாசிச்சது. எனக்கு அந்த ஹோல், அந்தத் தேத்தண்ணி, அந்த இருட்டு, எல்லாம் வந்திட்டுது. ஷோனா ஓடத் தொடங்கினாள். என்ர கை என்னைக் கேக்கேல்லை தம்பி. டொக். முதலடியிலை. திரும்ப ஓடினாள். டொக்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

வாசிச்சுக்கொண்டே முழுக்கத் திரும்பி, அண்ணாந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கேல்லை. நான் தடியைப் பிடிச்சபடி விறைச்சுப்போய் இருக்கிறன். திரும்ப முன்னுக்குப் பார்த்து, ஆறுதலாக்கி, நான் போடுறதுக்காகக் காத்திருந்தமாதிரி ஒரு இடைவெளி விட்டாள். போட்டன். அதிலை ஏறி வந்தாள். பாட்டு முடியும்வரை அவள் ஓடேல்லை. ரோறி ஒண்டும் விளங்காமல் கண்ணை மூடிக்கொண்டு பாடுறான்.

முடிஞ்சு பெடியள் சாமான் ஏத்தப் போட்டாங்கள். நான் தடியைச் சீலையாலை சுத்திக்கொண்டிருக்க, ஷோனா வந்து எனக்கு முன்னாலை நிலத்திலை இருந்தாள்.

"நீங்கள் கோவமாயே இருக்கேல்லை, என்ன?"

"இல்லைப் பிள்ளை."

"அந்த மாரி முழுக்க?"

"அந்த மாரி முழுக்க."

முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள். "நாங்கள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் நடந்தனாங்கள். தும்மல் வந்தா ரோறி தலகணிக்குள்ளை முகத்தைப் புதைப்பான்" எண்டாள். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. பிறகு, "அவங்களுக்குச் சொல்லட்டோ?" எண்டு கேட்டாள். இதுக்குத்தானே தம்பி நான் காத்திருந்தனான்? ஆனா என்ர வாய் வேண்டாமெண்டு சொல்லிச்சுது. "கதை நல்லா ஓடுது, விடும்" எண்டன். உமக்குத் தெரிஞ்சாப் போதும் எண்டும் சொன்னன்.

அவள் எழும்பேல்லை. நகத்தைக் கடிச்சுக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"அப்ப, எங்களை முதலே பிடிச்சிருந்ததோ? நாங்கள் கத்திக்கொண்டிருக்கேக்கையே? அப்ப எங்களைக் கேக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சு எத்தினை நாள் விட்டிட்டுப் போவமெண்டு இருந்தனாங்கள்."

ஓம் எண்டு ஒரு சொல்லு. அதைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னனான் தெரியுமே?

"மூண்டாவது பாட்டிலை நீர் இன்னும் ஓடுறீர்."

அவள் சட்டைக் கையாலை மூக்கைத் துடைச்சாள்.

"அப்ப நாளைக்கு இன்வெர்னஸிலை அந்தப் பரண் வேண்டாம்" எண்டாள். "எனக்குத் தெரியிற இடத்திலை இருங்கோ."